ஜிம்னிக்கு 235 டயர் போடலாமா, 215 போதுமா? சஸ்பென்ஷனைத் தொடாதவர்களுக்கு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். போடியில் இருக்கிறீர்கள். மாருதி சுஸுகியின் ஐந்து கதவு ஜிம்னி, மேனுவல் கியர். வாரம் ஒருமுறை போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறீர்கள். கடைசி நான்கு கிலோமீட்டர் கல்லும் சேறுமான ஜீப் தடம். அங்கே வண்டியின் அடி "டங்" என்று தட்டுகிறது. சஸ்பென்ஷனில் கை வைக்காமல் 235/75 ஆர்15 ஆல்-டெரெய்ன் டயர் (தாரிலும் கரடுமுரடான தடத்திலும் ஓடும் வகை) போட்டால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். யூடியூபில் ஒருவர் 235 தாராளமாகப் போகும் என்கிறார், டயர் கடைக்காரர் 215-க்கு மேல் வேண்டாம் என்கிறார், நண்பர் லிஃப்ட் கிட் (ஸ்பிரிங்கை உயர்த்தி வண்டியைத் தூக்கும் பாகங்கள்) போடாமல் எதையும் தொடாதே என்கிறார். மூன்று பேரும் மட்கார்டுக்குள் எந்த டயர் நுழையும் என்பதற்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது அடி தட்டாமல் தோட்டம் போய்ச் சேரும் வழி. அது வேறு கணக்கு.

நான் கோவையில் பதினெட்டு வருடமாக டயர், வீல் அலைன்மென்ட் வேலை பார்க்கிறேன். விடுமுறை கிடைத்தால் ஆனைமலைப் பக்கம் வண்டியைச் சேற்றில் இறக்கிவிட்டு வருகிற பழக்கமும் உண்டு. ஜிம்னி 2023 ஜூனில் விற்பனைக்கு வந்ததிலிருந்து நிறைய வண்டிகளுக்குக் கையால் டயர் மாற்றியிருக்கிறேன். ஆனால் சஸ்பென்ஷன் வடிவமைப்பு படித்த இன்ஜினியர் அல்ல. ஆட்டோமேட்டிக் ஜிம்னியை மலையில் அதிகம் ஓட்டியதும் இல்லை. அதனால் இழுவையைப் பற்றிக் கீழே சொல்வதெல்லாம் மேனுவல் வண்டிக்குத்தான்.

முதலில் சந்தேகமே இல்லாத பகுதி, அதாவது கணக்கு. கம்பெனி கொடுத்த டயர் 195/80 ஆர்15. அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 156. மேலும் கீழும் சேர்த்து 312. நடுவில் 15 அங்குல ரிம் 381. மொத்த விட்டம் 693 மில்லிமீட்டர். இதே கணக்கில் 215/75 ஆர்15 எடுத்தால் ஏறக்குறைய 703, 235/75 ஆர்15 எடுத்தால் 733. விட்டத்தில் கூடுவதில் பாதிதான் வண்டியை மேலே தூக்கும்; மீதிப் பாதி ஆக்சிலுக்கு மேலே மட்கார்டு பக்கம் போய்விடும். ஆகவே 215 போட்டால் உயரம் கூடுவது 5 மில்லிமீட்டர். 235 போட்டால் 20 மில்லிமீட்டர். கம்பெனி சொல்லும் தரை இடைவெளி 210. அது 215 ஆகிறதா 230 ஆகிறதா என்பதுதான் கடையில் நடக்கிற அத்தனை வாக்குவாதத்தின் சாரம். இது காகிதக் கணக்கு. ஒரே அளவு எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி சில மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கும். பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டிகள்) ஆழமான டயர் கொஞ்சம் பெரிதாகவே வரும்.

லிஃப்ட் கிட் விஷயத்தை இங்கேயே முடித்துவிடலாம். ஜிம்னிக்கு முன்னும் பின்னும் முழு ஆக்சில். அந்த ஆக்சிலில் தொங்கும் டிஃப்ரன்ஷியல் உருண்டைதான் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் இருக்கும் இடம்) வண்டியிலேயே தாழ்வான இடம். ஸ்பிரிங்கை இரண்டு அங்குலம் உயர்த்தினால் பாடியும் சேஸியும் உயரும், ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆக்சிலைத் தரையிலிருந்து தூக்க டயரால் மட்டுமே முடியும். உங்களுக்குத் தட்டுவது டிஃப்ரன்ஷியல் என்றால் நண்பர் சொல்லும் லிஃப்ட் கிட் அதற்கு ஒரு மில்லிமீட்டர்கூட உதவாது. தட்டுவது நடுவில் சேஸி, டிரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் விசையை முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பிரிக்கும் பெட்டி) பக்கம் என்றால் உதவும். அப்படியானால் 235 போட்டு அந்த 20 மில்லிமீட்டரைச் சம்பாதித்துக்கொள்வதுதானே என்று தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது.

2009-ல் என்னிடம் ஒரு பழைய ஜிப்ஸி இருந்தது. ஸ்பிரிங் ஒரிஜினல், அதில் 235/75 ஆர்15 மாட்டினேன். கடை வாசலில் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பார்த்தேன், எங்கும் உரசவில்லை. சந்தோஷமாக வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் ரோட்டுக்குப் போனேன். ஒரு ஓடையைக் கடக்கும்போது முன் வலது சக்கரம் கல்மேல் ஏறி ஸ்பிரிங் முழுசாக அமுங்கியது. அதே நேரம் ஸ்டீயரிங் கொஞ்சம் ஒடிந்திருந்தது. சர்ரென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் மட்கார்டின் மடிப்புத் தகடு டயர் ஓரத்தைச் சீவியிருக்கிறது. பென்சில் சீவியது மாதிரி கறுப்புச் சுருள்கள் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தன. டயருக்குள் இருக்கும் கேன்வாஸ் நூலடுக்கு தெரியவில்லை, அதனால் வீடு வந்து சேர்ந்தேன். தப்பு முழுக்க என்னுடையது. சமதரையில் நிற்கும் வண்டியில் உரசாததை வைத்து, முறுக்கிக்கொண்டு நிற்கும் வண்டியிலும் உரசாது என்று நினைத்துவிட்டேன்.

ஜிம்னியிலும் இதேதான், இடம் மட்டும் வேறு. ஒரிஜினல் ஸ்பிரிங், ஒரிஜினல் ரிம் வைத்து 235/75 போட்ட வண்டிகளில் நான் உரசல் பார்த்த இடங்கள் இரண்டு. ஒன்று, முழுசாக ஒடிக்கும்போது உள்பக்கம் ஆக்சிலைப் பிடித்திருக்கும் நீண்ட ஆர்ம். இரண்டு, ஒரு சக்கரம் அமுங்கிய நிலையில் முன் பம்பரின் பின் ஓரமும் அதை ஒட்டிய பிளாஸ்டிக் லைனரும். எல்லா வண்டியிலும் எல்லா டயருக்கும் இப்படி வரும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஒரே அளவில் ஒரு கம்பெனி டயர் உரசாமல் போனதும் உண்டு, இன்னொன்று அப்பட்டமாக உரசியதும் உண்டு; டயரின் தோள் சதுரமா, வளைந்திருக்கிறதா என்பதைப் பொறுத்தது. 215/75-ல் மட்டும் இதுவரை எந்த ஜிம்னியிலும் உரசல் பார்த்ததில்லை.

ரிம்மையும் கவனியுங்கள். ஒரிஜினல் ரிம் ஐந்தரை அங்குல அகலம். 235/75 ஆர்15 டயருக்குக் கம்பெனி அட்டவணைகளைப் புரட்டினால் ரிம் அகலம் பொதுவாக ஆறு அங்குலத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஐந்தரையில் ஏற்றினால் ஏறும், ஓடும், நிறைய பேர் ஓட்டுகிறார்கள். ஆனால் டயரின் நடுப்பகுதி பிதுங்கி நடு மட்டும் சீக்கிரம் தேயும், வளைவில் டயர் கொஞ்சம் குழையும். அகல ரிம் மாட்டினாலோ ரிம்முக்குப் பின்னால் ஸ்பேசர் தகடு வைத்தாலோ உள் ஆர்மில் உரசுவது நிற்கும்; சக்கரம் வெளியே தள்ளி, ஒடிக்கும்போது பெரிய வட்டமடித்துப் பம்பரில் உரசும். ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று, கடைசியில் லிஃப்ட் கிட்டில்தான் போய் நிற்பீர்கள்.

இனி இழுவை. ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் 134 நியூட்டன்மீட்டர் முறுக்குவிசை தருகிறது, அதுவும் 4000 சுற்றில். டீசல் வண்டி மாதிரி கீழ்ச்சுற்றில் தள்ளாது என்று உங்களுக்கே தெரியும். விட்டம் கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடினால் எல்லா கியரும் 6 சதவீதம் நீளமானது போல. போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசியில் இப்போது செகண்டில் முனகிக்கொண்டே திரும்பும் வளைவுகள் சில இருக்குமே, அவை ஃபர்ஸ்ட் கேட்க ஆரம்பிக்கும். நான்கு பேர், ஏலக்காய் மூட்டை என்றால் இன்னும் மோசம். கிளட்ச் வாடை அடிக்கும். நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக பலத்தோடு இழுக்கும் 4எல்-இல் போட்டால் இந்தக் குறை தெரியாது, ஆனால் தார் ரோட்டில் 4எல் போட முடியாதல்லவா. 215-ல் விட்டம் ஒன்றரை சதவீதம்தான் கூடுகிறது. அந்த அளவை இன்ஜின் கண்டுகொள்ளாது.

எடையும் சேரும். ஒருமுறை ஆர்வத்தில் பக்கத்து அரிசிக் கடைத் தராசில் ஜிம்னியின் ஒரிஜினல் டயரையும் அதற்கு மாற்றாக வந்த 215 ஆல்-டெரெய்னையும் வைத்துப் பார்த்தேன். ஒன்றுக்கு மூன்று கிலோவுக்குக் கிட்ட வித்தியாசம். எல்டி (லைட் டிரக், அதாவது சுமை வண்டி வகை) என்று போட்ட 235 அதைவிடக் கனம். இந்தக் கனம் வண்டிக்குள் வைத்த சாமான் மாதிரி இல்லை. சுற்றுகிற கனம், ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிற கனம். கிளப்பும்போது இன்ஜின் அதைச் சுழற்ற வேண்டும், பிடிக்கும்போது பிரேக் அதை நிறுத்த வேண்டும், குழியில் விழும்போது ஷாக் அப்சார்பர் அதை அடக்க வேண்டும். இறக்கத்தில் பிரேக் வாடை வருவது பெரிய டயர்க்காரர்கள் அடிக்கடி சொல்லும் புகார். ஸ்டெப்னியும் பின்கதவில்தான் தொங்குகிறது. கனமான டயர் குலுங்கிக் குலுங்கி நாளடைவில் கதவு லேசாகத் தொங்கி, சாத்தும்போது தூக்கிச் சாத்த வேண்டி வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

மீட்டர் விஷயம் சின்னது, சொல்லிவிட்டு நகர்கிறேன். 235 போட்டால் மீட்டர் பழையபடி 80 காட்டும்போது வண்டி பழைய 80-ஐவிட நான்கைந்து கிலோமீட்டர் வேகமாக ஓடும். ஓடோமீட்டரும் குறைத்துக் காட்டும். "டயர் மாற்றியதும் மைலேஜ் அநியாயமாக விழுந்துவிட்டது" என்று வருகிறவர்களிடம் அதில் ஆறு சதவீதம் மீட்டரின் பொய் என்று சொன்னால் பாதிக் கோபம் தணிந்துவிடும். மீதி உண்மையான இழப்புதான்.

உங்கள் பாதையிலேயே உங்களுக்கு ஒரு பாடம் ஓடிக்கொண்டிருக்கிறது, கவனித்திருப்பீர்கள். ஆட்களை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கு ஏறும் பழைய ஜீப்புகள். 6.00-16 என்று ஒல்லியான டயர், பட்டன் மட்டும் தடிமன். மழைக்காலச் சேற்றில் அந்த ஒல்லி டயர் மேல் சேற்றை வெட்டிக்கொண்டு கீழே கெட்டித் தரையைத் தொட்டுவிடும். அகல டயர் அந்தச் சேற்றின்மேல் மிதந்து வழுக்கும். மணலில் அகலம் வேண்டும். அடியில் கல் இருக்கும் மலைச் சேற்றுக்கு அகலம் அவ்வளவாக உதவாது. அந்த ஓட்டுநர்கள் யாரும் இதைப் படித்துவிட்டு வரவில்லை. ஜிம்னியும் 1.2 டன்னுக்குள் இருக்கும் லேசான வண்டி; அகலமாக்க அகலமாக்க ஒவ்வொரு விரற்கடைக்கும் விழும் பாரம் குறைந்துகொண்டே போகும்.

அப்படியானால் உங்களுக்கு எது? 215/75 ஆர்15, ஆல்-டெரெய்ன், சாதாரண வகை, ஒரிஜினல் ரிம்மிலேயே, ஐந்து டயரும். எல்டி வேண்டாம். எல்டி டயரின் சுவர் கனரகப் பாரத்துக்குக் கட்டியது. இந்த லேசான வண்டியில் அது வளையாமல் விறைத்து நிற்கும், ஒவ்வொரு கல்லும் முதுகில் வந்து சேரும். ஒரிஜினல் டயரின் பார எண் 96, அதாவது ஒரு டயருக்கு 710 கிலோ. நீங்கள் வாங்குவது அதற்குக் குறையாமல் இருந்தால் போதும். 100 என்றிருந்தால் 800 கிலோ, தாராளம். இந்த அளவுக்கு இன்னொரு வசதி, பொலீரோவுக்கு வருவதும் 215/75 ஆர்15 என்பதால் தேனியிலோ போடியிலோ அவசரத்துக்கு ஒரு டயர் தேடினால் கிடைத்துவிடும். 235-க்கு அந்த உத்தரவாதம் கிடையாது. ஐந்தும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஜிம்னியில் நடு டிஃப்ரன்ஷியல் இல்லை. 4எச் (நான்கு சக்கரமும் இழுக்கும் சாதாரண வேக நிலை) போட்டதும் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். பழைய 195 ஸ்டெப்னியை ஒரு பக்கம் மாட்டிக்கொண்டு அப்படி ஓட்டினால் கியர் பெட்டி முறுக்கிக்கொள்ளும்.

ஆல்-டெரெய்ன் என்றதும் எல்லாம் கைக்கு வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். கல்லில் பிடிக்கும், பக்கவாட்டில் வெட்டுப்படுவது குறையும், ஜல்லியிலும் ஈரப் புல்லிலும் நம்பிக்கை தரும். பசை மாதிரி ஒட்டும் மண்ணில் பட்டன் இடைவெளி அடைத்துக்கொண்டால் அதுவும் வழுவழு டயர்தான். மழையில் நனைந்த தார் ரோட்டில் பிரேக் பிடித்தால் ஒரிஜினல் ரோடு டயரைவிடச் சற்றுத் தள்ளிப் போய் நிற்பதுதான் வழக்கம். நீங்கள் ஓட்டுவதில் பெரும்பகுதி தார்தான் என்பதால், பட்டன் ரொம்ப முரட்டுத்தனமாக இல்லாத வகையைத் தேர்ந்தெடுங்கள். இரைச்சலும் குறையும்.

அடுத்தது காற்று. என் அனுபவத்தில் டயர் அளவைவிட இதுதான் அதிகம் வேலை செய்கிறது. தார் முடிந்து தடம் ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தி, நான்கிலும் 18 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள். டயர் கல்லைச் சுற்றிப் படியும், வண்டி துள்ளாது. துள்ளல் குறைந்தாலே அடி தட்டுவதில் கணிசமானது நின்றுவிடும், ஏனென்றால் பல நேரம் வண்டி துள்ளி விழும்போதுதான் தட்டுகிறது. 15-க்குக் கீழே கல்பாதையில் போக வேண்டாம், டயர் ரிம்மிலிருந்து கழன்றுகொள்ளும். திரும்பித் தாருக்கு வந்ததும் ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு ஏற்றியே தீர வேண்டும். அதற்கு ஒரு சின்ன கம்ப்ரசர் வாங்கி வண்டியிலேயே வையுங்கள். ஒரு வேடிக்கையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காற்றை இறக்கினால் வண்டி கொஞ்சம் தாழும். 215 போட்டுச் சம்பாதித்த அந்த 5 மில்லிமீட்டரை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம். அதனால்தான் 215-ஐ உயரத்துக்காக வாங்காதீர்கள் என்கிறேன். பிடிப்புக்காகவும் சுவரின் உறுதிக்காகவும் வாங்குங்கள்.

சட்டப் பக்கம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக, கம்பெனி குறிப்பிட்டதற்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. 5 மில்லிமீட்டரை எந்தச் சோதனைச் சாவடியிலும் அளக்கப் போவதில்லை என்பது நடைமுறை. ஆனால் விபத்து நடந்து இன்சூரன்ஸ் ஆள் டயர் அளவைப் படம் எடுத்தால் நடைமுறை பேசாது, பாலிசிதான் பேசும். டயர் மாற்றியதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துப் பதிலை வாங்கி வையுங்கள். வாரண்டி காலத்தில் இருந்தால் சர்வீஸ் சென்டரிலும் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம். வக்கீல் அல்லாத எனக்கு இதற்கு மேல் பேச உரிமை இல்லை.

வாங்கும்போது இரண்டு விஷயம். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு, சில வெளிநாட்டு ஆல்-டெரெய்ன் டயர்கள் கடைகளில் தூங்கிப் பழசாவது உண்டு. சுவரில் டிஓடி என்ற எழுத்துகளைத் தொடர்ந்து வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2324 என்றிருந்தால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம். இரண்டு வருடத்துக்கு மேல் பழசென்றால் நான் என் வண்டிக்கு வாங்க மாட்டேன், தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, ஐந்துக்கும் பணம் கட்டும் முன் ஒன்றை மட்டும் மாட்டச் சொல்லுங்கள். முன் சக்கரத்தில் மாட்டி, டயரின் இரண்டு தோளிலும் சாக்பீஸை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். அதே பக்க முன் சக்கரத்தை ஒரு அடி உயரமுள்ள திண்டின்மேல் மெதுவாக ஏற்றி நிறுத்துங்கள். ஸ்பிரிங் அமுங்கி நிற்கும். அந்த நிலையில் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடியுங்கள். இறங்கி டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே எங்காவது வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் அந்த டயர் அந்த வண்டிக்கு இல்லை. ஜிப்ஸியில் நான் செய்யாமல் விட்டது இதைத்தான். எல்லாக் கடைக்காரரும் இதற்குப் பொறுமையாக நிற்க மாட்டார்கள், நிற்பவரிடம் வாங்குங்கள்.

கடைசியாக, இவ்வளவுக்கும் முன்னால் நீங்கள் செய்ய வேண்டிய ஒன்று, செலவில்லாதது. வண்டிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்து, தட்டிய தடம் எங்கே என்று பாருங்கள். டிஃப்ரன்ஷியல் உருண்டை ஆக்சிலின் நடுவில் இருக்காது, ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். எந்தப் பக்கம் என்று கண்ணில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். மறுபக்கம் ஆக்சில் குழாய் மட்டும்தான், அங்கே இடைவெளி கூடுதல். துருத்திய கல் வந்தால் அதைச் சக்கரங்களுக்கு நடுவில் விட்டுத் தாண்டப் பார்க்காமல், சக்கரத்தையே கல்மேல் ஏற்றுங்கள், ஆக்சிலே தூக்கிக்கொள்ளும். ஏற்ற முடியாத கல்லானால் குழாய்ப் பக்கமாக விடுங்கள். தட்டிய தடத்தைப் போனில் படம் எடுத்து இங்கேயே போடுங்கள். தடம் உருண்டையிலா, நடுவில் டிரான்ஸ்ஃபர் கேஸின் கீழா, பின் ஷாக்கின் கீழ் மூட்டிலா என்பது தெரிந்தால் மேலே சொன்னதில் எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொல்கிறேன். டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் என்றால் டயருக்குப் பதில் அடியில் ஒரு இரும்புத் தகடு போட்டாலே முடிந்துவிடும் வேலையாகக்கூட இருக்கலாம்.